நியூ ஜெர்சி, நியூ யார்க், பிலடெல்பியா: பையில் எந்தக் கத்தி இருக்கலாம்?

எடிசனில் வீடு, மன்ஹாட்டனில் அலுவலகம், பிலடெல்பியாவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை. நியூ ஜெர்சித் தமிழர்களில் இப்படி மூன்று ஊர்களுக்கு நடுவே வாழ்க்கையை ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். வந்து குவியும் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்க, ஆப்பிள் நறுக்க, தளர்ந்த திருகை முறுக்க என்று ஒரு மடக்குக் கத்தியைப் பையிலேயே வைத்திருப்பது அவர்களில் பலருக்குப் பழக்கம். வீட்டில் அது வெறும் சாமான். நியூ யார்க் பக்கம் ஹட்சன் ஆற்றையோ பென்சில்வேனியா பக்கம் டெலவேர் ஆற்றையோ தாண்டிவிட்டால் அதே கத்திக்கு வேறு சட்டம். எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்துவிட்டால் பிறகு கவலை இல்லை. அந்த முடிவுக்கு உதவத்தான் இந்த ஒப்பீடு. நான் வழக்கறிஞர் இல்லை. சட்டப் பிரிவுகளைப் படித்து, என் அன்றாடத்துக்குப் பொருத்திப் பார்த்தவன்.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இதில் முதல் தடுமாற்றம் ஏன் வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. அங்கே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மத்தியச் சட்டம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ செய்யப்படாத அலகுதான் (கத்தியின் வெட்டும் பகுதி) அதன் விதிகளில் ஆயுதமாக வருகிறது. கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் அந்த மத்திய வரையறை ஒன்றே. அமெரிக்காவில் அப்படி ஒரு தேசிய அளவுகோலே கிடையாது. மாநிலம் ஒன்று சொல்லும். அதற்குள் இருக்கும் நகரம் அதைவிடக் கடுமையாக வேறொன்று சொல்லும். நகரத்துக்குள் ஓடும் ரயில் நிர்வாகம் தன் விதியைத் தனியாக வைத்திருக்கும். 1958-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று உண்டு. அது பொத்தானை அழுத்தினால் விரியும் பட்டன் கத்திகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வணிகமாக அனுப்புவதைப் பற்றியது. நாம் பையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கு அது ஒரு பாதுகாப்பும் தராது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர் அதைச் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது, குண்டுகளை எடுத்து, டிக்கியில் பூட்டி வைத்திருந்தால், நடுவில் கடக்கும் மாநிலத்தின் சட்டத்திலிருந்து 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் அவரைக் காக்கிறது. கத்திக்கு அப்படியொரு பாதுகாப்பு இல்லை. கொண்டுவர மசோதாக்கள் திரும்பத் திரும்பத் தாக்கலாகியும் சட்டமாகவில்லை. பூட்டிய துப்பாக்கிக்கு இருக்கும் பயணப் பாதுகாப்பு மூன்றரை அங்குல மடக்குக் கத்திக்கு இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் இன்றைய நிலை அதுதான். ஆகவே உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டம் மட்டும் இல்லை. உங்கள் அன்றாடத் தடத்தில் எந்த இடம் ஆகக் கடுமையானதோ, அந்த இடத்தின் சட்டம்.

ஒவ்வோர் ஊரும் கேட்கும் கேள்வி வேறு

எத்தனை அங்குலம் வரை வைத்திருக்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்த மூன்று இடங்களில் அந்தக் கேள்விக்கு நேரான பதில் தருவது நியூ யார்க் நகரம் மட்டுமே. நியூ ஜெர்சியில் எதற்காக வைத்திருந்தீர்கள் என்பதுதான் பெரிய கேள்வி. பிலடெல்பியாவில் தெருவில் வைத்திருந்தீர்களா என்பதோடு கேள்வி ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

நியூ யார்க்கிலிருந்து தொடங்கலாம். மாநிலத் தண்டனைச் சட்டம் பட்டன் கத்தியை, அதாவது பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் தானாக விரியும் கத்தியை, வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. சில குறிப்பிட்ட விலக்குகளைத் தவிர, நீளம் என்ன, எதற்காக என்பதெல்லாம் அங்கே முக்கியமில்லை. 2019 மே மாதம் வரை கிராவிட்டி கத்தியும் அதே பட்டியலில் இருந்தது. ஈர்ப்பு விசையாலோ உதறும் வேகத்தாலோ அலகு வெளியே வந்து நிலைத்தால் அது கிராவிட்டி கத்தி. காவலர் ஒருவர் உங்கள் சாதாரண மடக்குக் கத்தியை வாங்கி, மணிக்கட்டைச் சுண்டி உதறிப் பார்ப்பார். விரிந்துவிட்டால் நீங்கள் குற்றவாளி. கடைகளில் வெளிப்படையாக விற்ற கத்திகளுக்கே இந்த நிலை. 2010-இல் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ் அப்படி விற்ற பெரிய கடைகளிடமிருந்து ஏறக்குறைய 19 லட்சம் டாலர் வசூலித்தார். கடையில் விற்கிறார்களே, அப்படியானால் வைத்திருக்கலாம்தானே என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். 2013-இல் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சமையல் கலைஞர் ஒருவர் இப்படித்தான் கைதானார். அவர் தொடுத்த வழக்கில் 2019 மார்ச்சில் மத்திய நீதிபதி அந்தச் சட்டம் தெளிவற்றது, அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். இருமுறை மறுப்பாணை போட்டிருந்த ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, அந்த மே மாதம் கிராவிட்டி கத்தியைப் பட்டியலிலிருந்து நீக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார்.

அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நகரத்துக்கென்று நிர்வாகச் சட்டம் இருக்கிறது. அதன் 10-133 பிரிவின்படி 4 அங்குலமோ அதற்கு மேலோ அலகு உள்ள கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் கூடாது. அதைவிட அதிகம் பேர் சிக்கக்கூடியது அதே பிரிவின் இன்னொரு வரியில்: எந்த நீளமானாலும் கத்தி வெளியே தெரியும்படி இருக்கக் கூடாது. பாக்கெட் ஓரத்தில் மாட்டியிருக்கும் கிளிப் மின்னினாலே காவலருக்கு உங்களை நிறுத்தக் காரணம் கிடைத்துவிடும். தண்டனை 300 டாலர் வரை அபராதம், அல்லது 15 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். சுரங்க ரயிலின் நடத்தை விதிகளில் கிராவிட்டி கத்தி நீக்கப்படவே இல்லை. பாக்ஸ் கட்டரும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. தெருவில் தடையில்லாத கத்தி, படியிறங்கி நடைமேடைக்குப் போனதும் தடை செய்யப்பட்டதாகிவிடுகிறது.

நியூ ஜெர்சியின் அமைப்பு வேறு. நீளக் கணக்கு அங்கே பெரும்பாலும் சிறுவர்களுக்கு விற்பது பற்றிய பிரிவில்தான் வருகிறது: வேட்டை, மீன்பிடி, போர்க் கத்தி வகைகளில் அலகு 5 அங்குலமோ மொத்த நீளம் 10 அங்குலமோ எட்டினால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கக் கூடாது. பெரியவர்களைக் கட்டுவது இரண்டு பிரிவுகள். ஒன்று, பட்டன் கத்தி, கிராவிட்டி கத்தி, குத்துவாள் போன்றவற்றை விளக்கக்கூடிய சட்டபூர்வமான நோக்கம் இல்லாமல் வைத்திருப்பது. இன்னொன்று, வேறு எந்த ஆயுதத்தையும் அதன் முறையான பயன்பாட்டுக்கு வெளிப்படையாகப் பொருந்தாத சூழலில் வைத்திருப்பது. இரண்டுமே நான்காம் நிலைக் குற்றம். 18 மாதம் வரை சிறை. அலகு 2 அங்குலமா 4 அங்குலமா என்பதை விட, எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன வேலைக்காக என்பதே இங்கே எடைபோடப்படும். கிடங்கில் வேலை பார்க்கிறவர் இடுப்பில் மடக்குக் கத்தி இருந்தால் யாரும் புருவத்தைத் தூக்கப் போவதில்லை. அதே கத்தி நள்ளிரவில் மதுக்கடை வாசலில் நடந்த தகராறுக்குப் பிறகு பையில் கிடைத்தால் கதையே வேறு. கவனியுங்கள், நியூ யார்க் 2019-இல் கைவிட்ட கிராவிட்டி கத்தி நியூ ஜெர்சிச் சட்டத்தில் அப்படியே நிற்கிறது.

இந்தப் பிரிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் தடுக்கி விழக்கூடிய இடம் இதுதான். ரயில் நிலையத்திலிருந்து இருட்டில் தனியாக நடக்கிறேன், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அதிலும் பெண்கள் சொல்லும்போது அந்தப் பயம் எவ்வளவு உண்மையானது என்று எனக்குத் தெரியும். ஆனால் நியூ ஜெர்சியில் அந்தக் காரணமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். 1990-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், முன்னாள் காதலனின் அடி உதைக்குப் பயந்து கம்பளம் வெட்டும் கத்தியைக் கையோடு எடுத்துப் போன ஒரு பெண்ணின் தண்டனை உறுதி செய்யப்பட்டது. ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே ஆயுதம் எடுத்துக்கொள்வது தற்காப்பு ஆகாது என்றது நீதிமன்றம். ஆபத்து கண்ணெதிரே வந்த கணத்தில் கைக்கு எட்டியதை எடுப்பதற்கு மட்டுமே விலக்கு. வீட்டுக்குள் நிலைமை வேறு. அங்கே தற்காப்புக்காக வைத்திருக்கும் உரிமையை அதே நீதிமன்றம் 2017-இல் ஏற்றது. ஆகவே உங்கள் உண்மையான காரணம் தற்காப்பு என்றால், நியூ ஜெர்சித் தெருவில் கத்தி உங்களுக்கான பொருள் இல்லை. நீளம் எவ்வளவாக இருந்தாலும் சரி.

பென்சில்வேனியாவை மாநிலமாக மட்டும் பார்த்தால் மூன்றிலும் தாராளமானது. பட்டன் கத்தியைத் தடை செய்த வரியை 2022-இல் நீக்கினார்கள். 2023 ஜனவரியிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. போக்கனோஸ் மலைக்குக் கூடாரம் அடிக்கப் போகிறவர், லான்காஸ்டர் பக்கம் போகிறவர், கத்தியைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டு நிம்மதியாகப் பிலடெல்பியாவுக்குள் நுழைவதுதான் ஆகப் பெரிய பொறி. நகரங்கள் தனியாகக் கத்திச் சட்டம் போடக் கூடாது என்ற தடை பென்சில்வேனியாவில் இல்லை. அரிசோனா அப்படியொரு தடையை 2010-இலேயே கொண்டுவந்துவிட்டது. பிலடெல்பியா நகர விதித்தொகுப்பின் 10-820 பிரிவு, பொதுத் தெருவிலோ பொதுச் சொத்திலோ வெட்டும் ஆயுதம் வைத்திருப்பதை எந்த நேரத்திலும் தடை செய்கிறது. ஆயுதமாகப் பயன்படக்கூடிய எந்தக் கத்தியும் அதில் அடங்கும். நீள வரம்பு கிடையாது. ஒரே விலக்கு, தொழிலுக்கான கருவியை அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருக்கும்போதே பயன்படுத்துவது. வேலைக்குப் போகும் வழியில் பையில் வைத்திருப்பது அதில் வருமா என்றால், எழுத்தின்படி வராது. தண்டனையாக 300 டாலருக்குக் குறையாத அபராதமும் 90 நாளுக்குக் குறையாத சிறையும் எழுதப்பட்டிருக்கின்றன. சாவிக்கொத்தில் குட்டிக் கத்தி வைத்திருப்பவரை நிறுத்திப் பிடிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு எதற்காகவோ நிறுத்தப்பட்டால், அந்த எழுத்து அங்கே காத்திருக்கிறது என்கிறேன்.

எதை எடுத்துச் செல்வது

முதலில் பூட்டும் மடக்குக் கத்தி. மூன்று, மூன்றரை அங்குல அலகு, ஒரு கையால் திறக்கலாம், பாக்கெட் ஓரத்தில் கிளிப்பில் மாட்டலாம். வேலைக்கு இதைவிட வசதியானது இல்லை. விரிந்த அலகு பூட்டிக்கொள்வதால் விரல் மேல் மடங்காது. ஆனால் எடிசன், மன்ஹாட்டன், பிலடெல்பியா தடத்துக்கு இதுவே ஆக மோசமான தேர்வு. கிளிப் தெரிந்தால் நியூ யார்க்கில் சிக்கல். மூட்டு தளர்ந்து உதறினால் விரியும் நிலைக்கு வந்துவிட்டால் சுரங்க ரயிலிலும் நியூ ஜெர்சியிலும் சிக்கல். பிலடெல்பியாவில் நேரடியாகவே சிக்கல். நியூ ஜெர்சிக்குள்ளேயே, கட்டுமான வேலையோ கிடங்கு வேலையோ தோட்ட வேலையோ செய்பவருக்கு மட்டும் இதை நான் பரிந்துரைப்பேன். அதுவும் வேலை நேரத்தில். திறக்கும்போது விசை உதவுகிற கத்தியை 2009-ஆம் ஆண்டின் திருத்தம் மத்தியச் சட்டத்திலிருந்து விலக்கியிருக்கிறது என்பது உண்மை. அந்த விலக்கு மத்தியச் சட்டத்துக்கு மட்டும்தான். தெருவில் உங்களை நிறுத்தும் காவலர் மாநிலச் சட்டத்தையும் நகரச் சட்டத்தையும் வைத்துத்தான் பார்ப்பார்.

அடுத்தது மல்ட்டி-டூல். குறடு, திருப்புளி, கத்தரி எல்லாம் சேர்ந்த கருவி. பார்த்ததும் கருவியாகத் தெரிகிறது என்பதே இதன் பெரிய பலம். சூழலைப் பார்த்து முடிவெடுக்கும் நியூ ஜெர்சியில் அந்தத் தோற்றத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் பெயரில் ஏமாறக் கூடாது. லெதர்மேன் வேவ் போன்றவற்றில் அலகு ஏறக்குறைய 2.9 அங்குலம், பூட்டிக்கொள்கிறது, ஒரு கையால் திறக்கிறது. அதாவது அதற்குள் ஒரு முழுமையான மடக்குக் கத்தி இருக்கிறது. இடுப்பு வாரில் உறையோடு மாட்டினால் நியூ யார்க்கில் வெளியே தெரியும் கத்தி என்ற வாதத்துக்கு இடம் கொடுக்கும். தகவல் தொழில்நுட்ப அறையில் சர்வர் மாட்டுகிறவர், கணினி பழுது பார்க்கிறவர் இதை அலுவலக மேசை இழுப்பறையிலேயே வைத்துவிடுவது நல்லது. நாள்தோறும் எடுத்து வந்து எடுத்துப் போக ஒரு காரணமும் இல்லை.

மூன்றாவது, சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி ஸ்விஸ் கத்தி. விக்டோரினாக்ஸ் கிளாசிக் மடக்கினால் 58 மில்லிமீட்டர்; அலகு ஒன்றரை அங்குலம் வரும். பூட்டு இல்லை, நகத்தால் இழுத்துத்தான் திறக்க வேண்டும், எவ்வளவு உதறினாலும் விரியாது. கத்தரியும் அரமும் கூடவே இருக்கின்றன. பட்டன் கத்தி, கிராவிட்டி கத்தி, 4 அங்குலம் என்ற வரம்புகள் எதிலும் இது வராது. மத்திய அரசுக் கட்டடங்களுக்கான சட்டமும் 2.5 அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள பாக்கெட் கத்தியை அபாயகரமான ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. எடிசனுக்கும் மன்ஹாட்டனுக்கும் இடையே நாள்தோறும் போய்வருகிறவருக்கு என் தேர்வு இதுதான். என் சாவிக்கொத்தில் இருப்பதும் இதுவே. சாவியைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள், பெல்ட்டில் தொங்கவிட வேண்டாம். அட்டைப்பெட்டி பிரிக்க, உறையைக் கிழிக்க, நூல் வெட்ட இது போதும். மாம்பழம் நறுக்கத்தான் போதாது.

நான்காவது, அலகே இல்லாத கருவி. கத்தரி, சின்னக் குறடு, திருப்புளி மட்டும். சில நாடுகளில் கட்டுப்பாடுகள் இறுகி வருவதால் அலகு இல்லாத பாக்கெட் கருவிகளை உருவாக்குவதாக விக்டோரினாக்ஸ் நிறுவனமே 2024-இல் சொன்னது. பிலடெல்பியாவுக்கு வாரந்தோறும் போகிறவருக்கு, அல்லது மாதம் இரண்டு முறை விமானம் ஏறுகிறவருக்கு, இதுதான் மனநிம்மதி. கத்தி இல்லாமல் அட்டைப்பெட்டி பிரிக்க முடியாது என்பவர்கள் சின்னக் கத்தரியால் ஒட்டுநாடாவைக் கீறிப் பாருங்கள், வேலை நடக்கிறது.

கடைசியாக, கத்தியைப் பையில் எடுத்துச் செல்லாமல் இடத்துக்கு ஒன்று வைத்துக்கொள்வது. வீட்டில் ஒன்று, அலுவலக இழுப்பறையில் ஒன்று, பிலடெல்பியாவில் பிள்ளை தங்கியிருக்கும் வாடகை வீட்டுச் சமையலறையில் ஒன்று. செலவு சற்றுக் கூடும். ஆனால் மாநில எல்லை என்ற கேள்வியே எழாது. அலுவலகத்தில் வைப்பதற்கு முன் நிறுவனத்தின் ஆயுதக் கொள்கையைப் படித்துவிட வேண்டும். பல நிறுவனங்கள் சட்டத்தைவிடக் கண்டிப்பானவை.

காரின் டிக்கியில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். கைக்கு எட்டாத இடத்தில், உறையில், கூடாரத்தோடும் தூண்டிலோடும் சேர்த்து வைத்திருப்பது நியூ ஜெர்சியில் உங்கள் நோக்கத்தைத் தானாகவே சொல்லிவிடும், நல்லதுதான். நீண்ட பயணத்துக்கு நான் அதைத்தான் செய்வேன். ஆனால் பிலடெல்பியாவின் பிரிவில் வண்டிக்கென்று விலக்கு ஏதும் எழுதப்படவில்லை. கனெக்டிகட்டில் வண்டியில் வைத்திருப்பதற்கே தனிச் சட்டம் இருக்கிறது. 4 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள அலகு அங்கே ஆயுதம். டிக்கி நல்ல பழக்கம், சட்டக் கவசம் இல்லை.

தடத்தில் வரும் வேறு கதவுகள்

பசுமை அட்டைக்குக் கைரேகை கொடுக்க, குடியுரிமை நேர்காணலுக்கு என்று நம்மில் எல்லோரும் ஒருநாள் மத்திய அரசுக் கட்டடத்துக்குள் நுழைகிறோம். 2.5 அங்குல விலக்கைச் சட்டம் சொன்னாலும், வாசலில் நிற்கும் பாதுகாவலர் கத்தியோடு உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. திரும்பிப் போய்க் காரில் வைத்துவிட்டு வாருங்கள் என்பார். நீங்கள் ரயிலில் வந்திருந்தால் குப்பைத்தொட்டிதான். அந்த நாளில் சாவிக்கொத்தையே மாற்றிக்கொண்டு போங்கள். நீதிமன்றம் இன்னும் கண்டிப்பு.

கல்வி நிலையம் இன்னொன்று. நியூ ஜெர்சியில் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக வளாகத்துக்குள் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பது தனிக் குற்றம். பென்சில்வேனியாவில் பள்ளி வளாகத்துக்கான ஆயுத வரையறையில் எந்தக் கத்தியும் என்றே எழுதியிருக்கிறது. சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த அரசுப் பள்ளிக் கட்டடங்களில்தான் நடக்கின்றன. ஆண்டு விழாவுக்குக் கரும்பு வெட்டவும் தோரணம் கட்டவும் கத்தி கொண்டுபோகும் பெற்றோர், முன்கூட்டியே பள்ளி நிர்வாகத்திடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மெட்ரோபார்க் நிலையத்திலிருந்து பிலடெல்பியாவுக்கு ஆம்ட்ராக் ரயிலில் போனால், அவர்களின் தடைப் பட்டியலில் கத்தி இருக்கிறது. விமானத்தில் கைப்பையில் எந்த நீளமும் கூடாது. 2013-இல் 6 சென்டிமீட்டர் வரையிலான சிறு கத்திகளை அனுமதிப்பதாக விமானப் பயணப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ. அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில மாதங்களில் கைவிட்டுவிட்டது. பதிவு செய்யும் பெட்டியில் உறையிட்டு வைக்கலாம். ஆனால் பெட்டி போய் இறங்கும் ஊரின் சட்டம் அப்போதிலிருந்து உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

வேறு இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவில் வீடு, பாஸ்டனில் வேலை என்றால், வீட்டுப் பக்கம் 2010-இலேயே கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டார்கள். மாசசூசெட்ஸின் பட்டன் கத்தித் தடையை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ரத்து செய்தது. ஆனால் பாஸ்டன் நகரம் 2.5 அங்குலம் என்ற தன் வரம்பை வைத்திருக்கிறது. டெலவேரில் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி மூடிய நிலையில் இருந்தால் சாதாரணப் பாக்கெட் கத்தி. அதைத் தாண்டியதை மறைத்து எடுத்துப் போனால் பெருங்குற்றமாகவே ஆகலாம். டெக்சாஸில் 2017 செப்டம்பரிலிருந்து 5.5 அங்குலத்தைத் தாண்டிய கத்தியைக்கூடப் பெரியவர்கள் சில குறிப்பிட்ட இடங்களைத் தவிர எங்கும் எடுத்துப் போகலாம். டாலஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் இந்த வேறுபாட்டில்தான் தடுமாறுகிறார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு

அமெரிக்கக் குடிமகனுக்கு 300 டாலர் அபராதத்தோடு முடிகிற விஷயம், எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கோ பசுமை அட்டைக்குக் காத்திருப்பவருக்கோ அத்தோடு முடியாது. விசாவுக்கான டி.எஸ்.-160 படிவம், நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று கேட்கிறது. தண்டனை பெற்றீர்களா என்பது மட்டும் கேள்வியில்லை. வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் பதில் ஆம்தான். பசுமை அட்டைப் படிவமும் குடியுரிமைப் படிவமும் அதையே கேட்கின்றன. ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தின் சான்றிட்ட நகலைத் தேடி எடுத்து இணைக்க வேண்டும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா முத்திரைக்குப் போனவர் கூடுதல் விசாரணைக்குக் காத்திருக்க நேரலாம்.

குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றங்களுக்கென்று உள்ள நாடு கடத்தல் பிரிவில் கத்தி வராது என்பது ஓர் ஆறுதல். நியூ யார்க் 2019-இல் ஏ வகுப்புச் சிறுகுற்றங்களின் உச்ச தண்டனையை ஓர் ஆண்டிலிருந்து 364 நாளாகக் குறைத்ததும் குடியேறிகளுக்காகத்தான். ஓர் ஆண்டுத் தண்டனை என்ற அளவு குடியேற்றச் சட்டத்தில் பல கதவுகளை மூடிவிடும். நியூ ஜெர்சியின் நான்காம் நிலைக் குற்றமோ 18 மாதம் வரை போகிறது. ஒருவேளை வழக்கு வந்துவிட்டால், அபராதம் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொள்வதால் குடியேற்ற நிலைக்கு என்ன ஆகும் என்பதைக் குற்ற வழக்கறிஞர் சொல்ல வேண்டியது கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் பாடில்லா எதிர் கென்டக்கி வழக்கில் தீர்ப்பளித்தது. அவரிடம் கேளுங்கள்; கூடவே ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேளுங்கள். காவலரிடம் விளக்கம் சொல்லித் தப்பிக்கலாம் என்று பேசிக்கொண்டே போவதைவிட, வழக்கறிஞர் வரும்வரை மரியாதையோடு வாய் திறக்காமல் இருப்பது மேல். அது உங்கள் உரிமை, விசாவில் இருந்தாலும்.

இவ்வளவு கணக்கிலும் நாம் மறந்துவிடுவது சமையல் கத்தியை. கோடையில் பூங்காவில் கூடும்போது தர்பூசணி வெட்ட எட்டு அங்குலக் கத்தியைத் துணிப்பையில் சுருட்டி எடுத்துப் போவது நம் வழக்கம். நியூ யார்க் நகரச் சட்டம் இதைக் கருணையோடு நினைத்துப் பார்த்திருக்கிறது: சுற்றுலா விருந்து, கூடாரம், மீன்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு நேராக எடுத்துப் போவதற்கும், அங்கிருந்து நேராகத் திரும்புவதற்கும் விலக்கு உண்டு. கடையில் வாங்கிய கத்தியையோ சாணை பிடிக்கக் கொடுத்த கத்தியையோ எளிதில் எடுக்க முடியாதபடி பொதிந்து நேராக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வழியில் எங்கும் சுற்றக் கூடாது என்பதே இதன் பொருள். விருந்து முடிந்து இரவுக் காட்சிக்குப் போகிறவர் கத்தியை வீட்டுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட வேண்டும். நியூ ஜெர்சிப் பூங்காவில் வெட்டுப் பலகையும் பழமும் பக்கத்தில் இருக்கையில் சூழலே உங்களுக்குச் சாட்சி. பிலடெல்பியாவின் பூங்கா மட்டும் பொதுச் சொத்து, அங்கே விருந்துக்கென்று விலக்கு எழுதப்படவில்லை. அங்கே போகிற நாளில் பழத்தை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டு, ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள்.